ஊதிக் காட்டு

காலை ஐந்தரைக்கு
ஈயச் சுவருக்குப் பின்னால் மாட்டைக் கறக்கிறோம்.
மாடு என்பது எங்கள் பேச்சுவழக்கு.
சாம்பல் நிற உருளை, உள்ளே ஜெர்மேனியம்.
அமிலம் புகுந்து வெளியேறும்போது
காலியம் இறங்கும்,
நாலு மில்லி, நிறமில்லை, மணமில்லை.
இறங்கிய நொடியே செலவாகத் தொடங்கும்.
அறுபத்தெட்டு நிமிடத்தில் பாதி,
அதன் பிறகு பாதியில் பாதி.
கதான்ஸ்க் நகரில் என் தேநீர் சூடாக இருந்த காலையே இல்லை.

அன்று முதல் பெயர் ஒதிலியா ஃபோர்மெலா.
கிதினியா துறைமுகத்தில் பதினேழு வருடம் கிரேன் ஓட்டியவள்.
நாற்பது மீட்டர் உயரத்தில் கண்ணாடி அறை,
காலடியிலும் கண்ணாடி, அதன் கீழே பால்டிக்.
இப்போது கிடங்கில் சீட்டு ஒட்டுகிறாள்.

முகம்தான் காரணம்.
பாலாடைக்கட்டி தின்றால்,
படியேறினால்,
யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால்கூட
கழுத்திலிருந்து நெற்றிவரை சிவப்பு ஏறும்.
மேற்பார்வையாளன் கிஷெவ்ஸ்கி ஊதிக் காட்டு என்றான்.
ஊதினாள். பூஜ்யம்.
மறுநாளும் பூஜ்யம்.
கருவி பழுதென்று புதிதாக ஒன்று வாங்கினார்கள்.
அதுவும் பூஜ்யம்தான் காட்டியது.
நெருப்பில்லாமல் புகையுமா என்றது துறைமுகம்.

டாக்டர்கள் ஊதச் சொல்லவில்லை.
மாதவிலக்கு நிற்கிற வயது என்றார் ஒருவர்.
மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே என்றார் இன்னொருவர்.
ஓயாத வயிற்றுப்போக்குக்கு, பாலை நிறுத்து.
ஸ்கேன் இரண்டு முறை எடுத்தார்கள்,
இரண்டு முறையும் சுத்தம்.
கடைசியில் பயிற்சி மருத்துவன் ஒருவன்
ஒரு முழு நாளின் சிறுநீரை
கேனில் பிடித்துவரச் சொன்னான்.
அந்தக் கேன்தான் அவளை எங்களிடம் அனுப்பியது.

ஊசிக்கு முன் விளக்கம் சொல்வது என் கடமை.
ஹார்மோன் ஜாடையில் ஒரு சிறு மூலக்கூறு,
அதன் முதுகில் காலியம்,
சில கட்டிகளின் மேல் மட்டும் அதற்கான பூட்டுகள்...
கையமர்த்தினாள்.
"கன்டெய்னருக்கு நாலு மூலையில் நாலு துளை.
மேலிருந்து இறக்கும் சட்டத்தில் நாலு கொண்டி.
சரியாக உட்கார்ந்தால் திருகிப் பிடிக்கும்,
பச்சை விளக்கு எரியும்.
அவ்வளவுதானே?"
அவ்வளவுதான்.
பதினொரு வருடமாக நான் சொல்லிவந்தது
ஒரு நாளும் இத்தனை சரியாக வந்ததில்லை.

ஒரு மணிநேரம் போர்வைக்குள் கிடந்தாள்.
பிறகு கைகளைத் தலைக்குமேல் நீட்டி
வளையத்துக்குள் போனாள்.

திரையில் மண்ணீரல் எரிந்தது, சிறுநீரகங்கள் எரிந்தன.
அவை எல்லாருக்கும் எரியும்.
எரிவதெல்லாம் நோயல்ல.
சிறுகுடல் முடியப்போகிற கடைசி வளைவில்
கொண்டைக்கடலை அளவில் ஒன்று.
ஈரலில் மூன்று.

நெருப்பு இருந்தது,
ஊதினால் தெரியாத இடத்தில்.

மூன்று மணிக்கு டாக்டர் ஷ்விதாவா சொன்னபோது
நான் கதவருகே நின்றிருந்தேன்.
ஈரல் என்ற சொல்லுக்கு அவள் அசையவில்லை.
"அப்படியென்றால் நான் குடிக்கவில்லை."
கேள்வியா, முடிவா, தெரியவில்லை.
"அதை எழுதித் தருவீர்களா? முத்திரையோடு."
அறிக்கைப் படிவத்தில் அப்படியொரு வரிக்கு இடமில்லை.
டாக்டர் ஓரத்தில் கையால் எழுதினார்.

இரவுவரை கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள் பக்கம்
உட்கார வேண்டாம் என்று சொல்லி அனுப்பினோம்.

அதே டிராமில்தான் நானும் வீடு திரும்பினேன்.
இரண்டாவது நிறுத்தத்தில் நிறைமாதக்காரி ஒருத்தி ஏறி
ஒதிலியாவின் பக்கத்து இருக்கைக்கு வந்தாள்.
முகம் சிவந்தது.
எழுந்து, கம்பி பிடித்து, பின்கோடிக்குப் போனாள்.
இத்தனை வருடமாய் அந்தச் சிவப்பைப் பார்த்து
மற்றவர்கள்தான் எழுந்து போனார்கள்.

கணக்குப்படி அந்நேரம் அவளுக்குள்
நூற்றில் ஒரு பங்கு காலியம்கூட மிச்சமில்லை.
சொல்லியிருக்கலாம்.
நான் சொல்லவில்லை.
ஜன்னலோரம் நேராக நின்றுகொண்டிருந்தாள்,
காகிதத்தை மடிக்காமல்
கோட்டுக்குள் மார்போடு பிடித்தபடி.