செவ்வாய்க்கிழமை வரை

டிஸ்க் இரண்டும் ஒரே இரவில் போய்விட்டன.
ஒன்று போனால் மற்றது தாங்கும் என்று சொல்லித்தான்
விற்றிருந்தேன்.
ஒரே பெட்டியில் வந்தவை,
ஒரே வாரம் பிறந்தவை,
வியாழன் ராத்திரி கரண்ட் மூன்று முறை வந்து போனதில்
சொல்லி வைத்தாற்போல் போயின.

ஆரப்பாளையத்தில் ஐந்தேகால் பஸ்.
மடியில் லேப்டாப், பையில் புது டிஸ்க்.
செக்கானூரணி தாண்டுவதற்குள்
பால் சங்கச் செயலர் தவமணி ஏழு முறை கூப்பிட்டார்.
எட்டாவது முறை அவர் பேசவில்லை.
போனைக் கேன்களின் சத்தத்துக்கு நேரே பிடித்திருந்தார்.

சர்வர் செத்தது மாட்டுக்குத் தெரியாது.
கறக்கும் நேரம் தெரியும்.
வரிசை ரோடு வரைக்கும் நின்றது.
ஜெயக்கொடி ஒரு நாற்பது பக்க நோட்டில்
எண், லிட்டர், கொழுப்பு என்று கோடு போட்டு
ஊற்றச் சொல்லியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பேக்கப்பைத் திறந்தேன்.
பெயர் இருந்தது, தேதி இருந்தது,
உள்ளே ஒரு எழுத்துக்கூட இல்லை.
நான்கு மாதமாக ஒவ்வொரு இரவும்
ஒன்றுமில்லாததைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு
'முடிந்தது' என்று பச்சையில் எழுதியிருக்கிறது.
யாரும் திறந்து பார்க்கவில்லையா, என்றார் தவமணி.
இல்லை, என்றேன்.
அந்த யாரும் நான்தான் என்பதைச் சொல்லவில்லை.

பீரோவில் இன்னொன்று இருந்தது.
போனஸ் பட்டியல்களுக்கு அடியில்
பூச்சி உருண்டை வாசத்தோடு ஒரு சின்ன டிஸ்க்.
செவ்வாய் சாயங்காலம் ஜெயக்கொடி தன் கையால் எடுத்தது.
"உங்க பச்சை எழுத்து மேல எனக்கு நம்பிக்கை இல்ல சார்."

நாற்பத்தொரு சதவீதத்தில் இருபது நிமிடம் நின்றது.
தவமணி காலண்டரைப் பார்த்தார்.
நான் மின்விசிறியைப் பார்த்தேன்,
அது சுற்றும்வரை கரண்ட் இருக்கிறது.

பத்தே முக்காலுக்கு
முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் எழுந்து வந்தார்கள்,
செவ்வாய் சாயங்காலம் நின்ற இடத்தில் நின்றபடி.
புதனும் வியாழனும்
அவர்களுக்கு இன்னும் விடியவில்லை.

சீட்டு கொண்டுவரச் சொன்னோம்.
துவைத்துக் கஞ்சியானவை வந்தன.
கூரையில் சொருகி வைத்தவை வந்தன.
ஒருவர் சீட்டில் பீடி பற்றவைத்திருந்தார்,
கொழுப்பு இருந்த மூலை மட்டும் மிச்சம்: 4.3.
சீட்டே இல்லாதவர்கள் வாயால் சொன்னார்கள்.
ஒருவர் கூட்டிச் சொன்னார்,
பின்னால் யாரோ சிரித்ததும்
அரை லிட்டர் குறைத்துக்கொண்டார்.

மத்தியானம், எண் இருநூற்றேழு, ஒச்சம்மாள்.
திரையில் ஒரே ஒரு மாடு.
செவ்வாய் மாலை ஆறு லிட்டர் நானூறு.
புதன் காலைச் சீட்டு எங்கே, என்று கேட்டேன்.

"புதன்கெழம விடியல்லதான மாடு செத்துச்சு.
டாக்டர் வந்து காதுத்தோட அறுத்துட்டுப் போனாரே."

ஜெயக்கொடி தலையாட்டினாள்.
இறப்பைப் பதிந்திருந்தாள், புதன் பத்து மணிக்கு.
அதுவும் டிஸ்க்கோடு போனது.

ஒச்சம்மாள் திரைப்பக்கம் குனிந்தாள்.
"இதுல இன்னும் இருக்கா?"
"இருக்கு."
"கறக்குதா?"
செவ்வாய்க்கிழமை வரைக்கும், என்றேன்.

புதன் கட்டத்தில் என்ன இடுவது?
காலியாக விட்டால், தகவல் தொலைந்தது என்று அர்த்தம்.
பூஜ்யம் இட்டால், ஊற்றவில்லை என்று அர்த்தம்.
இரண்டும் ஒன்றல்ல என்று
புதிதாகச் சேரும் பையன்களுக்கு
வருஷம் தவறாமல் வகுப்பெடுக்கிறவன் நான்.
விரல் அந்தரத்தில் நின்றது.

"சைபர் போடுங்க.
காலியா விட்டா, நான் ஊத்துன பாலத்தான்
தொலச்சிட்டீகன்னு நாளைக்கு நெனப்பாக."

போட்டேன்.
ஜெயக்கொடி நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து
இறப்புப் பக்கத்தைத் திறந்தாள்.
காப்பீட்டுக்காரனுக்குத் தேதி வேண்டும்.
தோடு எண் பன்னிரண்டு இலக்கம்,
ஒச்சம்மாள் தடுமாறாமல் சொன்னாள்.
அதே மாட்டின் அதே சாவை
இரண்டாம் முறை எழுதி முடித்துவிட்டு
சேமிக்கும் பொத்தானுக்கு முன்னால்
ஜெயக்கொடி சேலை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.
தூசி, என்றாள்.

சாயங்காலப் பால் வர ஆரம்பித்தது.
கிளம்பும்முன் ஒரு பேக்கப் எடுத்தேன்,
எடுத்ததைத் திறந்தும் பார்த்தேன்.
இருநூற்றேழில் புதன்கிழமை சைபராக இருந்தது.

என் பில்லில் பாதியை நானே அடித்துக் கொடுத்தேன்.
ஏன் என்று தவமணி கேட்கவில்லை.
ஜெயக்கொடிக்குக் கேட்கத் தேவையிருக்கவில்லை.