ஐந்துக்குக் குறைந்தால்

ஸ்வான்சியில், கடல் தெரியாத பக்கத்தில் ஓர் அறை.
கைப்பேசியை வாசலில் பெட்டிக்குள் போட வேண்டும்,
பேனாவையும்.
உள்ளே போகையில் என்னிடம் மிஞ்சுவது
இரண்டு கண்ணும் ஒரு கடவுச்சொல்லும்.

மருத்துவமனைகள் ஒரு கோப்பு அனுப்பின.
பள்ளிக்கூடங்கள் ஒரு கோப்பு அனுப்பின.
வழியில் நான் பார்த்தேயிராத ஒருவர்
பெயர்களை உரித்தெடுத்துவிட்டு
நீளமாய் ஒரு குறி ஒட்டியிருக்கிறார்.
குறியும் குறியும் பொருந்தினால்
அது ஒரே பிள்ளை.
காதும் காதும் வைத்ததுபோல் நடக்கிற வேலை.
என் ஆய்வும் காதைப் பற்றித்தான்:
நடுக்காதில் பசைபோல் நீர் கட்டிய பிள்ளைகள்
ஏழு வயதில் எப்படி வாசிக்கிறார்கள்.

எல்லாமே பொருந்திவிடுவதில்லை.
இரட்டையரில் ஒருவர் மற்றவரை விழுங்கிவிடுகிறார்.
ஒரு சிறுமி இரண்டாய்க் கிடந்தாள்,
ஒரே வாரத்தில் பிறந்து, ஒரே பேட்டையில்:
ஒருத்திக்குக் காய்ச்சல் உண்டு, பள்ளிக்கூடம் இல்லை.
மற்றவளுக்குப் பள்ளிக்கூடம் உண்டு, ஒரு தும்மல்கூட இல்லை.
அம்மா மறுமணம் செய்து பெயர் மாறியிருக்கலாம்.
தெரியாது. தெரியக் கூடாது.
ஒருத்திதானா என்று பார்க்கச் சொல்லி எழுதிப் போட்டேன்.
ஆறு வாரம் கழித்து வந்த பதில்: ஆம்.
அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

நவம்பரில் மலைப்பக்கம் அனுப்பினார்கள்,
மக்களுக்கு விளக்கிவிட்டு வா என்று.
நூலகத்தின் மாடி. இருபது நாற்காலி, நான்கு பேர்.
படம் போட்டுக் காட்டினேன்: பூட்டு, சாவி, அம்புக்குறி.
பேக்கரிச் சீருடையோடு வந்திருந்த மெலெரி ப்ரோத்தரோ
கையை உயர்த்தாமலே கேட்டாள்:
"எங்கள் மாக்சென் காதும் உங்கள் பெட்டியில் இருக்கிறதா?"
இருக்கலாம் என்றேன்.
"யாரைக் கேட்டு எடுத்தீர்கள்?"
சட்டப் பிரிவைச் சொன்னேன்.
என் குரல் எனக்கே தூரத்தில் கேட்டது.
"சரி, எடுத்தாயிற்று. என்ன சொல்கிறது அந்தக் காது?
பதினான்கு மாதம் காத்திருந்தோம்,
அரிசியைவிடச் சின்னதாய் ஒரு குழாய்க்கு.
அதற்குள் டீச்சர் எழுதிவிட்டார்,
சொன்னால் கேட்பதில்லை என்று."
சிரித்தாள். "கேட்கவில்லைதான்."

அவனை என்னால் கண்டுபிடிக்க முடியாது,
முடியாதபடிதான் எல்லாவற்றையும் கட்டியிருக்கிறோம் என்றேன்.
பெருமையாய்ச் சொல்லிப் பழகிய வாக்கியம்.
"அப்போ என்னவென்று தெரியும், யாரென்று தெரியாது,"
என்றபடி மேலங்கியை மாட்டிக்கொண்டாள்.
ஏழு பத்துக்குக் கடைசிப் பேருந்து.

திங்களன்று அட்டவணை வந்து விழுந்தது.
அவள் பள்ளத்தாக்கு. ஓராண்டுக்கு மேல் காத்திருந்தவர்கள்.
வாசிப்பில் கடைசிப் படி: மூன்று.
மூன்றை வெளியே கொண்டுபோக முடியாது.
ஐந்துக்குக் குறைந்தால் ஊர் அடையாளம் கண்டுகொள்ளும்,
எண்ணை எடுத்துவிட்டு ஒரு நட்சத்திரம் வைக்க வேண்டும்.
நல்ல விதி. பயிற்சி வகுப்பில் நானே சொல்லித்தருவது.
அந்த நட்சத்திரத்தை வெகுநேரம் பார்த்திருந்தேன்.
மூன்று பேருக்குப் போர்த்திய போர்வை,
முகத்தையும் சேர்த்து.

"பக்கத்துப் பள்ளத்தாக்கோடு சேர்த்துவிடு,"
என்றார் ட்ரெஃபோர், திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.
சேர்த்தேன். பதினொன்று வந்தது.
பதினொன்று வெளியே போகலாம்.
அறிக்கையில் ஏறலாம், கார்டிஃபில் ஒரு மேசைக்குப் போகலாம்,
காத்திருப்பைக் குறையுங்கள் என்று சொல்லலாம்,
யாராவது காது கொடுத்தால்.

அந்த இரண்டு பள்ளத்தாக்குக்கும் நடுவில்
உண்மையில் ஒரு மலை இருக்கிறது.
துருவேறிய பெரணி, ஈர ஆடுகள்,
சுற்றிப் போகப் பேருந்துக்கு ஐம்பது நிமிடம்.
ஒரு வரிக் கட்டளையில் அதை அழித்திருக்கிறேன்.

வாசலில் கைப்பேசியை எடுத்துக்கொண்டேன்.
பேனாவை மறந்து வந்துவிட்டேன்.