ஆறு லட்சத்துச் சில்லறை

எழும்பூர் தபால் பிரிப்பகம், இரவுப் பணி.
பைகளில் கட்டும் சீட்டின் பின்புறம்தான் என் கணக்கு நோட்டு.

ஆறு லட்சத்து ஒன்று, பாரிமுனை:
பத்தொன்பதால் வகுபடும், இருபத்து மூன்றாலும்.
துறைமுகத்தில் இறங்கிய எவரும்
பங்கு கேட்காமல் போனதில்லையே.
திருவல்லிக்கேணியை ஐந்து வகுக்கும்,
ஏழு இரண்டு முறை வகுக்கும்,
மிச்சத்தை முப்பத்தொன்றும் எழுபத்தொன்பதும்
தீர்த்துக்கொள்ளும்.
மேன்ஷன் அறையில் பாய் விரிக்கிற கணக்கு அது.
தியாகராய நகர் பதினொன்றுக்கு மசிந்தது.
என் அயனாவரம்
நூற்று நாற்பத்தொன்பது வரைக்கும் தாக்குப்பிடித்தது.
அன்றைக்கு எனக்கு டீ இறங்கவில்லை.

"இதுக்கு ஓ.டி. உண்டாம்மா?" என்கிறார் தனகோட்டி.

முதல் நூறு எண்களில் எதற்கும் மசியாதவை ஆறே ஆறு:
பெரம்பூர், பல்லாவரம், அம்பத்தூர்,
ஆவடி காமராஜ் நகர், சேலையூர், மடிப்பாக்கம்.
ஓர் எண்ணைப் பகா எண் என்று சொல்ல
இரண்டில் தொடங்கி எழுநூற்று எழுபத்து மூன்று வரை
நூற்று முப்பத்தேழு பேரை விசாரிக்கவேண்டும்.
காமராஜ் நகருக்கு நான்கு இரவு பிடித்தது.
மூன்றாம் இரவு நானூற்று இருபத்தொன்றில் கரண்ட் போனது.
மீதி நூற்று நாற்பத்தாறு.
இருட்டிலேயே உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

எழுபத்தொன்று, எழுபத்து மூன்று:
நூறுக்குள் ஒரே இரட்டைப் பகா ஜோடி.
நடுவில் பட்டாபிராம்,
இரண்டு, மூன்று, பதினொன்று
யார் தட்டினாலும் கதவைத் திறக்கும்.
வரைபடத்தில் ஒன்று மேற்கோரம், மற்றது தெற்கோரம்,
இடையில் இரண்டு ரயில், ஒரு பஸ்.

மார்ச்சிலிருந்து மாதம் ஒரு பதிவுத் தபால்.
அனுப்புநர்: பூங்காவனம், 71.
பெறுநர்: ஏகாம்பரம், 73.
மாதம் ஒரு முறை அதே உறை
சிவப்பு மையில் 'பெற மறுப்பு' என்று திரும்பும்.
உள்ளே என்னவென்று எனக்குத் தெரியாது.
எடை மட்டும் தெரியும்:
நாற்பது கிராம், முப்பது கிராம்,
ஜூலையில் இருபதுகூட இல்லை.

ஆகஸ்டில் உறை திரும்பவில்லை.
தபால்காரர் 73-ஐ அடித்து
59 என்று எழுதி அனுப்பியிருந்தார்.
கிழக்குத் தாம்பரம். வீடு மாறிவிட்டார் போல.

ஐம்பத்தொன்பதைப் பிரித்துப் பார்த்தேன்.
ஏழு முடியாது என்றது,
பதின்மூன்று முடியாது என்றது,
நூற்றியொன்று, இருநூற்று பதினொன்று, ஐந்நூற்று மூன்று,
எல்லாம் மீதியைக் கையில் கொடுத்து அனுப்பின.
நூறு பேர் கைவிரித்தார்கள்.
இதுவும் பகா எண்தான் என்று
பேனாவை மூடப்போனேன்.

நூற்றியோராவது ஆள், ஐந்நூற்று நாற்பத்தேழு.
ஈவு ஆயிரத்துத் தொண்ணூற்றேழு.
மீதி பூஜ்யம்.

வியாழன் இரவு, கட்டுக்குள் ஒப்புகை அட்டை.
பென்சிலில் கையெழுத்து,
ஏகாரத்தின் கால் கோட்டைத் தாண்டிப் போயிருந்தது.
71-இன் அறையில் போடக் கை நீட்டினேன்,
ஒரு தடவை திருப்பிப் பார்த்தேன்.

"அரக்கோணம் பை கட்டியாச்சாம்மா?"
தனகோட்டி சணலோடு நிற்கிறார்.