கானாடுகாத்தான் விலக்கு

நேராக ஓட்டியிருந்தால் முந்தாநாளே வீட்டில் இருந்திருப்போம்.
திருமயம் தாண்டியதும் சோலையப்பன்
வேகத்தை முப்பதுக்கு இறக்கினார்.
டயர் சரியில்லை என்றார்.
நாசிக்கில் மாற்றிய புது டயர்.
நான் வாயைத் திறக்கவில்லை.

விலக்கில் ஒரு புளியமரம்.
"ஒரு டீ போட்டுக் குடிச்சிட்டுப் போவமே."
குடித்தோம். அப்படியே சமைத்தோம்.
அப்புறம் இருட்டிவிட்டது என்றார்,
இருட்டை அன்றைக்குத்தான் பார்ப்பதுபோல.
வீட்டுக்கு இன்னும் ஒன்பது கிலோமீட்டர்.
ஸ்பிதியில் இதே தூரத்துக்கு
மண்சரிவு ஒரு முழுப்பகலைத் தின்றது.
இங்கே சரிய என்ன இருக்கிறது?
செம்மண்ணும் முந்திரியும்
தட்டையாகப் படுத்துக் கிடக்கின்றன.

முன்பு இது ஆம்புலன்ஸ்.
சிவகங்கையில் ஏலத்தில் எடுத்தோம்.
ஸ்ட்ரெச்சர் கிடந்த இடத்தில் நாலடிப் பலகை,
ஆக்சிஜன் தொங்கிய கொக்கியில் வெங்காயப் பை.
நூற்று அறுபத்தெட்டு ராத்திரி.
ஒருவர் புரண்டால் மற்றவரும் புரண்டாக வேண்டும்,
இல்லாவிட்டால் யாராவது கீழே.
முதல் வாரம் அதற்கே சண்டை.
ஒரிசா தாண்டுவதற்குள்
தூக்கம் கலையாமலே சேர்ந்து திரும்பினோம்.

ஜான்சிக்கு வெளியே ஒருதடவை
கோபித்துக்கொண்டு இறங்கி நடந்தேன்.
பத்தடி பின்னால் வண்டியும் வந்தது,
ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு,
என் நிழலை எனக்கு முன்னால் நீட்டிக்கொண்டு.
தன் நிழலையே மிதிக்கப் பார்த்து
ஒருத்தி எவ்வளவு தூரம் நடப்பாள்?
ஏறிக்கொண்டேன். எதற்குக் கோபம் என்பது
இப்போது இருவருக்குமே நினைவில்லை.

மறுநாளும் புளியமரத்தடிதான்.
சிலிண்டரைக் குலுக்கிப் பார்த்தேன்: ஓர் உலைக்குக் காணும்.
கட்ச்சில் வாங்கிய உப்பு, கின்னௌர் ராஜ்மா ஒரு பிடி,
அடியில் கிடந்த அரிசி, இரண்டு வாடிய மிளகாய்,
எல்லாம் ஒரே பானையில்.
"இதுக்கு என்ன பேரு?"
"காலி" என்றேன்.
மறுசோறு கேட்டு வாங்கினார்.

அன்று ராத்திரி ஏதோ ரயில் கடந்த பிறகு
வண்டிக் கூரையைப் பார்த்தபடி கேட்டார்:
"அங்க போனதும் எப்படி?"
எதைக் கேட்கிறார் என்று தெரியும்.
"மோட்டார் ஓடுதான்னு பார்க்கணும்" என்றேன்.

வெயில் ஏறுமுன் கோட்டையூர்.
மழையிலும் உப்புக்காற்றிலும் பெயின்ட் உரிந்து
வண்டியின் நெற்றியில் பழைய சிவப்பு எழுத்துகள்
தலைமாறி மறுபடி தெரியத் தொடங்கியிருந்தன.
எதிர்வீட்டு வள்ளிக்கண்ணு
கையில் மாவோடு ஓடி வந்தாள்.
"யாருக்கு என்ன ஆச்சு, ஆச்சி?"
ஒண்ணும் ஆகலை, ஒண்ணும் ஆகலை என்று
இருவரும் ஒரே மூச்சில் சொன்னோம்.
சொன்னதும் எனக்குச் சுருக்கென்றது.

கதவிடுக்கில் கரண்ட் பில்,
முடிந்துபோன மூன்று கல்யாணங்களுக்கு அழைப்பு.
குழாய் இருமியது, காவி நிறத்தில் துப்பியது,
பிறகு தெளிந்தது.
தெளிந்த பின்னும் நூலாகத்தான் திறந்து வைத்திருந்தேன்.
நாளைக்கு இருபது லிட்டர் என்று
கை கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது.

அவர் அறை, என் அறை.
பன்னிரண்டு வருஷம்.
குறட்டையில் ஆரம்பித்தது,
பிறகு காரணம் தேவைப்படவில்லை.
வண்டித் தலையணையை இடுக்கிக்கொண்டு
நடையில் கொஞ்சநேரம் நின்றார்.
"ஃபேன் ஓடுது" என்றார்.
"ஓடட்டும்" என்றேன்.
போனார்.

மூன்று மணி இருக்கும்.
இடப்பக்கம் புரண்டேன்.
ஆறடிக் கட்டில், புரளப் புரள இடம்.
சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கிரீச்.
வேண்டுமென்றே வலப்பக்கம் திரும்பினேன்.
கிரீச்.

உடம்பு ஒரு வாரம் ஞாபகம் வைத்திருக்கும்.
அதற்குமேல் உறுதி சொல்ல முடியாது.

வெங்காயப் பையை வண்டியிலேயே விட்டுவிட்டேன்.
வண்டிச் சாவி அவர் அறையில் இருக்கிறது.