நாற்பத்தொரு நிமிட மௌனம்

மௌனம்: இரண்டு நிமிடம் என்று
நிகழ்ச்சி நிரலில் அச்சடித்திருந்தது.
அளக்க என்னை அழைத்திருந்தார்கள்.
பள்ளி ஓட்டப் பந்தயங்களுக்குக்
கடிகாரம் பிடிப்பது நான்தான்.
அரை விநாடி கூட விட்டுத்தர மாட்டேன் என்று
ஊரில் எனக்குப் பெயர்.

வேல்ஸின் மேற்குக் கரையில்
கழுவிக் கழுவியும் மீன் மணம் போகாத
பழைய ஏலக்கூடம்.
எந்தக் கோயிலில் வைப்பது என்று
மூன்று கூட்டம் போட்டுப் பேசிவிட்டு
கடைசியில் இதைப் பிடித்தார்கள்.
வந்தவுடன் திசை பார்க்க
சாலேஹ் முத்தன்னா கைப்பேசியைச் சுழற்றினார்.
அது ஐஸ் இயந்திரத்தைக் காட்டியது.
பரவாயில்லை என்றார்,
ஐஸுக்கு அப்பால்தானே.

போதகர் மெரெரிட்டின் வெள்ளை அங்கி
மழைக்கோட்டுக்குள் கசங்கியிருந்தது.
ஹர்கீரத் கௌர் இருநூறு ரொட்டி சுட்டு
துணியில் முடிந்து மடியில் வைத்திருந்தார்,
உறங்கும் பிள்ளையை வைத்திருப்பதுபோல.
எழுபது மைல் பஸ்ஸில் வந்த பெல்ட்ஸ்,
இந்தப் பக்கத்தில் யூதர் சங்கமே
நான் ஒருவன்தான் என்று
கேட்டவர்களுக்கும் கேளாதவர்களுக்கும் சொன்னார்.

வருடம் முழுக்க
டயாலிசிஸுக்கு ஆட்களை ஏற்றிப்போன எலுனெட்டுக்கு
நன்றிப் பத்திரம் கொடுத்தார்கள்.
பெயரில் எழுத்துப் பிழை.
மேடையிலேயே பேனா வாங்கித்
திருத்திக்கொண்டு இறங்கினாள்.

அடுத்து, அமைதிக்கான வேண்டுதல்.
வாசிக்க வேண்டியவர் யோர்வெர்த்,
கறிக்கடைக்காரர்,
மீட்புப் படகின் சுக்கான் பிடிப்பவர்.
அதற்கு முன் மௌனம்.
எல்லோரும் எழுந்தோம்.
பொத்தானை அழுத்தினேன்.

முப்பத்தெட்டாவது விநாடியில்
பேஜர்கள் அலறின.
ஒன்றல்ல, ஐந்து.
நாற்காலிகள் சாய்ந்தன.
யோர்வெர்த் வேண்டுதல் தாளை
என் கையில் திணித்துவிட்டு ஓடினார்.
சாலேஹின் மகள் நசீமா
புதுச் செருப்பை உதறிவிட்டு
வெறுங்காலோடு
ஈரத் தரையில்
ஓடினாள்.

இரண்டு நிமிடம் ஆயிற்று.
சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.
போதகர் என்னைப் பார்த்தார்.
நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.
அது போய்க்கொண்டிருந்தது.

யாரும் உட்காரவில்லை, பெல்ட்ஸைத் தவிர;
அவரும் கைத்தடியை நட்டு
பாதி எழுந்த மாதிரியே உட்கார்ந்திருந்தார்.
உதடுகள் அசைந்தன,
அவரவர் மொழியில், அவரவர் வேகத்தில்.
ஐஸ் இயந்திரம் உறுமி உறுமி அடங்கியது.
செத்துட்டாங்களா, என்றது ஒரு குழந்தை.
அதன் வாயை ஒரு கை மூடியது.
ரொட்டி முடிச்சிலிருந்து
சூடு போய்விட்டது.

சாலேஹுக்குப் பின்வரிசையில் க்விலிம்.
அவர்களுடைய தொழுகை அறை வரக்கூடாதென்று
வீடு வீடாய்ப் போய்
நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து வாங்கியவர்.
அவர் பேரனும் அந்தப் படகில்தான்.
இருபதாவது நிமிடம் இருக்கும்,
க்விலிம் குனிந்தார்.
திசைக்கொன்றாய்க் கிடந்த செருப்புகளை எடுத்து
ஜோடி சேர்த்து
சாலேஹின் நாற்காலிக்கு அடியில் வைத்தார்.
சாலேஹ் திரும்பவில்லை.
திரும்பியிருந்தால்
இருவருக்குமே கஷ்டமாயிருந்திருக்கும்.

கதவு திறந்தது.
உப்பு சொட்டச் சொட்ட ஐந்து பேர்.
எண்ணினோம், எல்லோரும், ஒரே நேரத்தில்.
யோர்வெர்த்தின் கக்கத்தில்
காற்றடைத்த ரோஜா நிறப் பூநாரை,
கூடார முகாமிலிருந்து பறந்துபோன பொம்மை.
யாரோ மூழ்குகிறார்கள் என்று
யாரோ போன் செய்திருக்கிறார்கள்.

சிரித்தோம்,
அழுதவர்களும் சிரித்தார்கள்.
தாளை நீட்டினேன்.
இதை இன்னும் வாசிக்கணுமா என்று
யோர்வெர்த் கேட்டார்,
வாயில் ஏற்கெனவே பாதி ரொட்டி.
ஆறிப்போனால் என்ன,
ஒன்றும் மிஞ்சவில்லை.

அந்தக் கையெழுத்துத் தாள்
இன்னும் நகரமன்றத்தில்தான் இருக்கிறது.
பூநாரை ஏலக்கூடத்து ஆணியில் தொங்கி
நாளுக்கு நாள் சுருங்குகிறது.
41:16 என்று
நான்கு நாள் வைத்திருந்தேன்.
வியாழக்கிழமை சிறுமியருக்கு நூறு மீட்டர்.
ஒரு பொத்தான்தான்.
பூஜ்ஜியமாக்கி
விசிலை வாயில் வைத்தேன்.