ஒரு பல் தள்ளி

கோல்பா ஆற்றின் மேல் மூடுபனி இன்னும் விலகவில்லை.
ரிஹார்ட் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான்.
எண்பத்தெட்டாம் வருடத்து ரெனோ நான்கு.
மெட்லிகாவில் யாரும் அப்படிச் சொல்வதில்லை,
கத்ர்ட்சா என்றால்தான் தெரியும்.
"இடப்பக்கம் சாய்கிறது" என்றான்
தானும் இடது காலில் நின்றபடி.

காரணத்தையும் கையோடு கொண்டுவந்திருந்தான்.
எல்லோரும் அப்படித்தான் வருகிறார்கள்.
"இடப்பக்க முறுக்குத் தண்டு களைத்துப்போயிற்று.
இத்தனை வருடமாய் அந்தப் பக்கம்
உட்காருவது நான்தானே,
என் தொப்பையைப் பார்,
புதிதாய் ஒன்று போட்டுவிடு."

தொப்பையை விட்டு டயர்களைப் பார்த்தேன்.
நான்கிலும் காற்று சரி.
டிக்கியில் உருளைக்கிழங்கு மூட்டை ஒன்று,
இறக்கிவைத்தேன்.
பின் பம்பரின் மேல் ரசமட்டத்தைக் கிடத்தி
தாழ்ந்த முனையில் மரச் சீவல்களை அடுக்கினேன்.
குமிழி நடுவுக்கு வந்தபோது
இருபத்திரண்டு மில்லிமீட்டர்.
சுண்ணக்கட்டியால் கதவிலேயே எழுதினேன்.
முகம் சுளித்தான்.

"இப்போது திருப்பி நிறுத்து,
மூக்கு ஆற்றுப் பக்கம் இருக்கட்டும்."
"எதற்கு?"
"நிறுத்து."

எட்டு.

அதே வண்டி, அதே பக்கம், வெறும் எட்டு.
பள்ளிக்கூடக் கணக்குதான்:
பதினைந்து வண்டியின் கோணல்,
ஏழு என் பட்டறைத் தரையுடையது.
கான்கிரீட் போட்ட அன்று என் மாமனார்
பிளம் பிராந்தி குடித்திருந்தார் என்பது
ஊரறிந்த விஷயம்.
எத்தனை வண்டிகளை இங்கே நிறுத்தி
"கோணல்" என்று சொல்லிக் காசு வாங்கியிருக்கிறேன்.
அதை ரிஹார்டிடம் சொல்லவில்லை.

"இது பிறவியிலேயே கோணல்" என்றேன்.
பின் தண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாய்க் குறுக்கே கிடப்பதால்
வலப்பக்கச் சக்கரங்களுக்கு இடையே தூரம்
இடத்தைவிட ஐந்து சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாய் அதிகம்.
அவன் கீழே குனிந்து பார்த்தான்,
இருபது வருடம் கழித்து
மனைவிக்கு ஆறு விரல் என்று கேள்விப்பட்டவனைப்போல.
"ஆனால் நீ சொல்லும் சாய்வு அதனால் இல்லை."

ஜாக்கி வைத்தேன். படுத்தேன்.
இடப்பக்கத் தாங்கியில் துரு தோல் மட்டும்தான்.
ரப்பர் நல்ல ரப்பர்.
அச்சு நடுவிலிருந்து மட்கார்டு விளிம்புவரை டேப்பை நீட்டினால்
கையேட்டில் அச்சிட்ட எண், பிசகாமல்.
குற்றம் சாட்டப்பட்டவன்
நேராக நின்றுகொண்டிருந்தான்.

உயர்ந்து நின்றது வலம்.

வலப்பக்க மூடியைக் கழற்றி
பழைய கிரீஸை டீசலில் கழுவினேன்.
தண்டின் முனையில் ஒரு குத்துப்புள்ளி, கையில் ஒன்று.
இரண்டும் முகம் பார்த்து நிற்க வேண்டும்.
ஒரு பல் தள்ளி நின்றன.
"யாரோ வேண்டுமென்றே ஏற்றியிருக்கிறார்கள்."

அவன் பதில் சொல்ல நேரமெடுத்தது.
கிழங்கு மூட்டையின் முடிச்சை அவிழ்த்தான், கட்டினான்.

"ஸ்ரெச்கோ."

தீயணைப்புப் படையின் பேண்ட்.
சனிக்கிழமைதோறும், பதினோரு வருடம்
பின் இருக்கை வலப்பக்கம் ஸ்ரெச்கோ, மடியில் ட்யூபா.
வண்டி அந்தப் பக்கம் தரையைத் தேய்த்தது,
அதனால் ஒரு பல் ஏற்றச் சொன்னது இவன்தான்.
பிறகு ஒரு சாவு ஊர்வலத்தில்
யாரோ ஒருவர் ஓர் அடி முன்னதாக வாசித்துவிட்டார்.
யார் என்பதில்தான் தகராறு.
ஆறு வருடமாய் அந்த இருக்கையில்
குடை மட்டும் உட்காருகிறது.

"ஒரு மணி நேர வேலை," என்றேன்,
"புதுச் சாமான் எதுவும் வேண்டாம்.
இறக்கிவிடவா?"

மூட்டையைத் தூக்கிப்போய்
வலப்பக்கப் பின் இருக்கையில் வைத்தான்.
குமிழி நகர்ந்தது, பாதி வழியில் நின்றது.
"நூற்றிருபது கிலோ ஆள் உட்கார்ந்தால்
நேராகிவிடுமா?"
"என் தரையில் ஆகாது."

மூடியைத் திரும்ப மாட்டச் சொன்னான்.
அரை மணிக்கூலியும் டீசல் காசும் கொடுத்தான்.
தெருமுனையில் எந்தப் பக்கம் திரும்பினான் என்று
நான் பார்க்கவில்லை.
ஒரு பேரிங் குண்டைத் தரையில் வைத்து
அது உருளும் திசையில்
பின்னாலேயே நடந்துகொண்டிருந்தேன்.