மீற்றர்

பத்தொன்பதாம் நாள் மயக்க மருந்தைக் குறைத்தோம்.
மொரீன் கில்ஃபெடர், ஐம்பத்து மூன்று வயது,
கண் திறந்தாள்.
தொண்டையில் துளை. குரல் இல்லை.

எழுத்துப் பலகையை நீட்டினேன்.
விரல் நடுங்கி நடுங்கி எம்-மில் விழுந்தது.
மகன் மைக்கேலா?
இல்லை.
அடுத்தது ஈ.
மெடிசினா, வலிக்கிறதா?
இல்லை, இல்லை. டி. மறுபடி ஈ.
ஆர் வருமுன் எனக்கு விளங்கிவிட்டது.

பூஞ்சணம் பிடித்த சமையலறைச் சுவரில்
சாவி செருகிக் காசு ஏற்றும் பெட்டி.
ஆள் இல்லாத நாளுக்கும் அது காசு எடுக்கும்.
இல்லாவிட்டால் கடன் எழுதி வைக்கும்.
திரும்பிப் போய்ப் பத்துப் பவுண் போட்டால்
முதலில் கடனைத் தின்னும்,
பிறகுதான் கேத்தல் கொதிக்கும்.
எனக்கு எப்படித் தெரியும் என்றால்,
என் வீட்டிலும் அதுதான்.

அவளைச் சுற்றிப் பதினொரு இயந்திரங்கள்.
மூச்சுக்கு ஒன்று, சிறுநீரகத்துக்கு ஒன்று,
இரத்தம் உறையாமல் காலைப் பிடித்துவிட ஒன்று.
கிளாஸ்கோவின் மின்சாரம் முழுக்க
அந்தக் கட்டிலுக்கே ஓடியதுபோல்
இரவெல்லாம் பச்சை வெளிச்சம்.
ஒருவரும் சாவி கேட்கவில்லை.

எத்தனை நாள் என்று கண்ணால் கேட்டாள்.
சொன்னேன்.
நெடுநேரம் கூரையைப் பார்த்திருந்துவிட்டு
எண்களைத் தொட்டாள்:
ஒன்று, பூச்சியம், நான்கு, ஐந்து.

காலையில் வந்த டொக்டர் நல்ல மனிதர்.
பலகையைப் பார்த்தார், எண்களைப் பார்த்தார்,
சித்தக் குழப்பம் என்று எழுதினார்.
பத்தொன்பதை ஐம்பத்தைந்து பென்ஸால்
நான் கையுறை உறையின் பின்புறத்தில் பெருக்கிப் பார்த்தேன்.
பத்துப் பவுண் நாற்பத்தைந்து.
சொல்லியிருக்கலாம்.
அவர் அடுத்த கட்டிலுக்குப் போயிருந்தார்.

ஏப்ரலில் வீட்டுக்கு அனுப்பினோம்.
கைதட்டினோம், வழக்கம்போல.
தொடைச் சதை கரைந்து
கால்கள் யாரிடமோ இரவல் வாங்கியவை போலிருந்தன.
பதினான்காம் மாடி. லிஃப்ட் பழுது.
பள்ளிக்கூடம் கூட்டிய வேலைக்கு
வேறொருத்தி வந்துவிட்டாளாம்.

ஜூன் மாத வியாழக்கிழமை, மறுபரிசோதனை,
கிளினிக்கில் என் முறை.
இரண்டு பஸ், போக வர அவளுக்கு ஒரு நாள் வெளிச்சம்.
பத்தரைக்குப் பெயர் கூப்பிட்டேன்.
பதினொன்றுக்கும் கூப்பிட்டேன்.

'நோயாளி வரவில்லை' என்பதைக் கணினி தானே நிரப்பிக்கொண்டது.
காரணம் என்ற கட்டத்தில்
எம், ஈ, டி, ஈ, ஆர் என
ஒற்றை விரலால் தட்டினேன்.
பட்டியலில் உள்ளதைத் தெரிவு செய்க என்றது.
பட்டியலில் ஆறு இருந்தன.
மறந்துவிட்டார் என்பது முதலாவது.